இடுப்புக் கதிரையும் பெட்டியில் இருந்த சூப்பிப் போத்தலும்

வெளிக்கள உத்தியோகத்தர் ஒருவர் தாயினதோ பிள்ளையினதோ நலன் கருதி எழுத்தில் ஒரு பரிந்துரை செய்தால், மேலதிகாரி அதை ஏற்கலாம் அல்லது மறுக்கலாம். மறுப்பதானால் காரணத்தை எழுத்தில் தரவேண்டும். எங்கள் பணிமனையின் நிலையான அறிவுறுத்தல்களில் இப்படி ஒரு பந்தி இருந்தது. நான் அதை மனப்பாடமாக வைத்திருந்தேன். மற்றவர்கள் அலுமாரியில் வைத்திருந்தார்கள்.

குடும்பநல உத்தியோகத்தராக, தாய்மார் 'மிசி' என்று கூப்பிடும் மருத்துவிச்சியாக, இருந்த காலம் முழுவதிலும் எழுத்தில் ஒரு மறுப்பை நான் கண்டதில்லை. 'கலந்துரையாடுக' என்பதைக் கண்டிருக்கிறேன். 'பரிசீலனையில் உள்ளது' என்பதைக் கண்டிருக்கிறேன். இவை மறுப்புகள் அல்ல. ஆகவே இவற்றுக்குக் காரணம் எழுதத் தேவையில்லை. இந்தப் பந்தியை எழுதியவர் யாரோ, அவர் எங்கள் ஆட்களை அறியாதவர்.

இதை இப்போது எழுதவைத்தது ஒரு கடைத்தெரு. கிளிநொச்சியில் பிள்ளைச் சாமான் விற்கும் கடைகளின் வாசலில் இன்று இடுப்புக் கதிரைகள் கொத்தாகத் தொங்குகின்றன. இடுப்பைச் சுற்றிக் கட்டும் அகலமான பட்டி. அதில் பிள்ளை இருப்பதற்கு மெத்தை வைத்த ஒரு சின்னத் தட்டு. பெட்டியில் ஆங்கிலப் பெயர் ஒன்று இருக்கும். இடுப்புக் கதிரை என்பது எங்கள் தாய்மார் வைத்த பெயர். எங்கள் வேலைக்குப் புதிதாக வந்த இளம் பிள்ளைகள் எனக்குத் தொலைபேசி எடுத்து, "மிஸ், தாய்மார் உதைப்பற்றிக் கேக்கினம். ஏதும் சுற்றுநிருபம் இருக்கோ?" என்கிறார்கள். சுற்றுநிருபம் இல்லை. ஏன் இல்லை என்பதை நானே சொல்லிவிடுகிறேன். எப்படிப் பாவிப்பது என்பதையும் போகிற போக்கில் சொல்கிறேன். ஓய்வூதியக்காரிக்கு விளக்கம் கோரிக் கடிதம் அனுப்ப முடியாது.

பயிற்சிக் காலத்தைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. உருத்திரபுரத்தில் பிறந்து, உயர்தரத்தில் விஞ்ஞானம் படித்து, பல்கலைக்கழக அனுமதி கிடைத்த வருடத்தில் சண்டையால் பாதை பூட்டப்பட்டதால் இந்த வேலைக்கு வந்தவள் நான். பிள்ளையை நிறுக்கவும் அளக்கவும் குளிப்பாட்டவும் சொல்லித் தந்தார்கள். தூக்கிக்கொண்டு நடப்பதைச் சொல்லித் தரவில்லை. அது பெண்களுக்குத் தானாக வருமாம்.

தானாக வருவதில்லை என்பதைச் செட்டிகுளத்துப் பக்கம், சண்டையில் இடம்பெயர்ந்த சனம் இருந்த முகாமில் வேலை செய்த மாதங்களில் கண்டேன். தண்ணீருக்கு வரிசையில் நின்ற தாய்மார் பிள்ளைகளைச் சாரத்திலும் சேலைத் துண்டிலும் கட்டித் தோளில் தொங்கவிட்டிருப்பார்கள். நான் வரிசை நெடுக நடந்து ஒவ்வொரு பிள்ளையின் முகவாயையும் பார்ப்பேன். முகவாய் நெஞ்சில் மடிந்து கிடந்தால் மூச்சுப் போகும் வழியும் மடிந்து கிடக்கிறது. அந்தப் பிள்ளை அழாது. நல்ல நித்திரை என்று தாய் நினைப்பாள். துணியை உயர்த்திக் கட்டி, பிள்ளையின் நெற்றி தாயின் வாய்க்கு எட்டும் உயரத்துக்குக் கொண்டுவந்து, முகம் மூடாமல் விடுவேன். இன்றைக்கும் பஸ்ஸில் ஒரு கைப்பிள்ளையைக் கண்டால் என் கண் முதலில் முகவாய்க்குத்தான் போகும்.

முதல் இடுப்புக் கதிரையை நான் கண்டது மோட்டார் சைக்கிளில். சண்டை முடிந்து சில வருடங்களுக்குப் பின், கிளினிக் வாசலில் ஓர் இளம் தகப்பன் வந்து இறங்கினார். பட்டி அவர் வயிற்றில் கட்டியிருந்தது. பிள்ளை அவருக்கும் பெற்றோல் தாங்கிக்கும் நடுவில், றோட்டைப் பார்த்தபடி இருந்தது. மனைவி குடையோடு பின்னால்.

"தம்பி, இது என்ன?" என்றேன்.

"பெல்ற், மிசி. கனடாவிலை இருந்து அண்ணா அனுப்பினவர். பிள்ளை விழவே விழாது."

"ஓம், பிள்ளை பெல்ற்றை விட்டு விழாது. நீங்கள் சைக்கிளோடை விழுந்தால் பிள்ளைக்கு மேலைதான் விழுவீங்கள். உங்கட நிறை என்ன?"

பின்னால் இருந்து மனைவி சொன்னாள்: "எழுபத்தெட்டு, மிசி. நான் எத்தினை தரம் சொல்லிப்போட்டன்."

பிள்ளைக்கு மூன்று மாதம். கழுத்து இன்னும் நிற்கவில்லை. தலை நிமிர்ந்து நிற்காத, சாய்வு கொடுத்தால் இருக்கத் தெரியாத பிள்ளைக்கு இந்தக் கதிரை கூடவே கூடாது. அநேகமான பிள்ளைகளுக்கு ஆறாம் மாதம் அளவில்தான் அந்தப் பலம் வரும். மாதக் கணக்கை விடக் கழுத்தையும் முதுகையும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு எந்த வயதிலும் கூடாது. தகப்பன் பட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, திரும்பிப் போக ஓட்டோ பிடித்தார். அண்ணாவின் மரியாதை குறைந்துவிட்டதுபோல முகத்தை வைத்திருந்தார்.

ஜெனிற்றாவை எனக்குத் தெரியவந்தது என் கடைசிப் பிரிவில், முல்லைத்தீவுக் கரையோரத்தில். கத்தோலிக்கக் குடும்பம். கணவன் றெஜி விடியமுதல் கடலுக்குப் போய், மீன் இறக்கி, வலை சரிபார்த்து மத்தியானம்தான் வீட்டுக்கு வருவான். ஜெனிற்றாவுக்கு இடது கை முழங்கைக்குச் சற்றுக் கீழே முடிந்துவிடும். பள்ளிக்கூடம் போகிற வயதில், சண்டைக்குள் செல் விழுந்து வெடித்துப் போனது. அவள் அதைப்பற்றிக் கதைப்பதில்லை, நானும் கேட்டதில்லை.

அவளுடைய பிரச்சினை எளிமையானது. தவழத் தொடங்கிய மகள் அன்சலாவை வலது கையில் தூக்கினால் வேறு எதற்கும் கையில்லை. படலையைத் திறக்க, பைப்பில் தண்ணீர் பிடிக்க, நாயைக் கலைக்க ஒன்றும் ஏலாது. பிள்ளையைப் பாயில் விட்டால் மண் தின்னும். ஒருநாள் பிள்ளையை வைத்துக்கொண்டே படலைக் கொளுக்கியைக் கழற்றப் போய், பிள்ளை அவள் காலோடு வழுக்கி மணலில் இருந்துவிட்டது. கீறல்கூட இல்லை. ஆனால் அதை றெஜியின் தாய் பிலோமினா கண்டுவிட்டார்.

பிலோமினா செட்டிகுளத்தில் மூத்த மகளோடு இருப்பவர். பேறு பார்க்க வந்து, போக மனமில்லாமல் நின்றவர். அன்றே முடிவெடுத்துவிட்டார்: பிள்ளை நடக்கும்வரை தன்னோடு செட்டிகுளத்தில் இருக்கட்டும். றெஜி தாய்க்கும் மனைவிக்கும் நடுவில் வாயை மூடிக்கொண்டிருந்தான். அதற்கிடையில் சுவிஸில் இருக்கும் ஜெனிற்றாவின் சித்தி ஓர் இடுப்புக் கதிரை அனுப்பியிருந்தார்.

அதை நான் கட்டிப் பார்த்தேன். பெரிய உடம்புக்காரருக்குச் செய்தது. பட்டியை முழுவதும் இறுக்கிய பிறகும் ஜெனிற்றாவின் இடுப்பில் என் முழுக் கையும் உள்ளே போனது. பட்டி அப்படித் தளர்ந்தால் தட்டு முன்பக்கம் சரியும், பிள்ளையும் சரியும். கொளுக்கி முதுகுப் பக்கம். அதைப் பூட்ட இரண்டு கை வேண்டும். துவாய் மடித்துச் செருகினால் சரிவராதோ என்று றெஜி கேட்டான். வராது. துவாய் நழுவும், அது நழுவுவது பட்டிக்கு மேலே தெரியாது.

வேறொன்று வாங்குவதற்காகச் சித்தியை வீடியோவில் அழைத்தோம். அவர் கடைக்குள் நின்றபடி ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டினார்.

"இது நல்ல வடிவான நீலம், பிள்ளை."

"நிறத்தை விடுங்கோ," என்றேன். "கவிட்டுக் காட்டுங்கோ. கொளுக்கி எங்கை?"

"ஆர் கதைக்கிறது?"

"மிசி, சித்தி," என்றாள் ஜெனிற்றா. "அவா சொல்லுறதைக் காட்டுங்கோ."

நான் பார்த்தவை இவை: மிகச் சிறிய இடுப்புக்கும் இறுகுமா. கொளுக்கி பக்கவாட்டில் வருமா, ஒரு கையால் பூட்டலாமா, பிள்ளை தட்டினால் தானாகத் திறக்காமல் இருக்குமா. அமுக்கினால் ஒட்டி, இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டி மட்டுமா, கொளுக்கியும் உண்டா. ஒட்டுப்பட்டி மட்டும் என்றால் வேண்டாம், மணல் ஏறினால் எங்கள் கரையில் அது ஒரு மாதம் தாங்காது. தட்டின் மேற்பக்கம் வழுக்காத துணியா. எத்தனை கிலோவரை தாங்கும் என்று தையலில் எழுதியிருக்கிறதா. தையல் இரட்டையா. சித்தி கடைக்காரியை வைத்துக் கொளுக்கியை ஒரு கையால் பூட்டிக் காட்டச் செய்தார். கடைக்காரிக்கு முதல் தரம் வரவில்லை, இரண்டாம் தரம் வந்தது. அதை வாங்கச் சொன்னேன். நீலம் கிடைக்கவில்லை, சாம்பல் நிறம். சித்திக்கு அது இன்றைக்கும் மனக்குறை.

சாமான் வந்ததும் பழக்கம் தொடங்கினோம், பிள்ளை இல்லாமல். ஜெனிற்றாவின் வீட்டு அரிசியை ஒரு துணிப் பையில் அன்சலாவின் நிறைக்குக் கட்டினேன். பட்டி இடுப்பெலும்புக்கு மேலே, இடையில் இருக்க வேண்டும். கண்ணுக்கு முன்னால் வைத்துக் கொளுக்கியைப் பூட்ட வேண்டும், பூட்டிய சத்தம் கேட்க வேண்டும், ஒருதரம் இழுத்துப் பார்க்க வேண்டும். அதன் பிறகு பட்டியைச் சுற்றித் தட்டை இடது பக்கம் கொண்டுவர வேண்டும். வலது கையால் பிள்ளையைத் தூக்கி, கால்கள் இரண்டு பக்கமும் விரிய, முழங்கால் பின்பக்கத்தை விடச் சற்று உயர்ந்திருக்க, தொடை முழுவதும் தட்டில் தாங்க இருத்த வேண்டும்.

அடுத்ததில்தான் கதை முழுவதும் இருந்தது. பிள்ளையைத் தாயின் உடம்போடு சேர்த்துக் கட்டும் மேற்சட்டை இல்லாத இடுப்புக் கதிரை பிள்ளையைப் பிடித்து வைக்காது. நிறையை மட்டும் தாங்கும். பிடிப்பது தாயின் கை. அது ஒரு கணமும் பிள்ளையின் முதுகை விட்டு எடுபடக் கூடாது. இரண்டு கை உள்ளவர்கள் ஒரு கையைப் பிள்ளைக்குக் கொடுத்து மற்றதால் வேலை செய்வார்கள். ஜெனிற்றா தன் வலது கையைப் பிள்ளைக்குக் கொடுத்தால் கதிரையால் லாபமில்லை. ஆகவே பிடிக்கும் கை இடது கையாக இருக்க வேண்டும். பாரம் இடுப்பில் ஏறிவிட்டதால் இடது கைக்கு வேலை அணைப்பது மட்டும். முழங்கை மடிப்புக்குள் பிள்ளையின் முதுகு வர, மீதிக் கை விலாவை அழுத்திக்கொள்ளும். முதல் கிழமை அரிசி மூன்று தரம் பாயில் விழுந்தது. மூன்றாம் கிழமை விழவில்லை. கீழே இருக்கும் சாமானை எடுக்கக் குனியாமல், முதுகு நிமிர்ந்து முழங்காலை மடித்து இருந்து எழும்பப் பழகினாள்.

பட்டியின் நுனியை இழுத்து இறுக்குவது ஒரு கைக்குக் கஷ்டமாக இருந்தது. றெஜி அன்றிரவே தங்கூசி என்கிற நைலோன் மீன்பிடி நூலால் பட்டியைக் குத்தி ஒரு வளையம் தைத்து வைத்திருந்தான். வலை பொத்துவதில் அவனுக்கு நல்ல பெயர். நான் அதை முழுக்கப் பிரிக்கச் சொன்னேன்.

"இது அறாது மிசி. சுறாவே அறுக்கேலாது."

"உங்கட நூல் அறாது. நூல் பட்டியை அறுக்கும். பாரம் தாங்கிற இடத்திலை ஊசி குத்தக்கூடாது."

முகம் கறுத்துப்போய்ப் பிரித்தான். பிறகு குத்தாமல், பட்டியின் நுனி மடிப்புக்குள்ளால் ஒரு கயிற்று வளையம் கோத்துக் கொடுத்தான். அதை இடது முழங்கையில் கொளுவி இழுத்தால் பட்டி இறுகும். அந்த வேலையை நானே யோசித்திருக்க மாட்டேன்.

இதற்குள் பிலோமினா பிரதேச செயலகத்தில் சிறுவர் நலன் பார்க்கும் உத்தியோகத்தரிடம் போய்விட்டார். அவர் இளம் பொடியன், நல்ல பிள்ளை. பிள்ளையைக் கையாளத் தாயால் ஏலுமா என்று சுகாதாரப் பக்கத்தின் கருத்தை எழுத்தில் கேட்டார். ஏலாது என்றாலோ, பதிலே போகாவிட்டாலோ, பிள்ளை தகப்பனின் தாயோடு செட்டிகுளம் போக அவர் பரிந்துரைப்பார். நான் கருத்தை எழுதினேன்: தாய் பிள்ளையைப் பாதுகாப்பாகக் கையாளுகிறார், இடுப்புக் கதிரையை முறையாகப் பாவிக்கப் பழகியிருக்கிறார், களத்தில் மற்றத் தாய்மாருக்கும் இதைச் சொல்லிக்கொடுக்க உத்தியோகத்தர்களை அனுமதிக்க வேண்டும். எந்தச் சாமான் என்று தெரியட்டும் என்று வெறும் பெட்டியையும் கொண்டுபோனேன். அந்தப் பெட்டியைக் கொண்டுபோகாமல் விட்டிருக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். எதைப்பற்றி எழுதுகிறோமோ அதை மேசையில் வைப்பதுதான் முறை.

எங்கள் வைத்திய அதிகாரி கடிதம் வாசிக்கும் முறையைச் சொல்ல வேண்டும். கடிதத்தை இரண்டு கையாலும் வாங்குவார். மேசையில் நேராக வைத்து, கோடு போடும் ஒரு மர அடிமட்டத்தை முதல் வரிக்குக் கீழே வைப்பார். வாசிப்பார். அடிமட்டம் ஒரு வரி இறங்கும். கையொப்பத்துக்கு வந்ததும் சிவப்புப் பேனையைத் திறந்து, ஓரத்தில் 'கலந்துரையாடுக' என்று எழுதி, சுருக்கொப்பம் வைத்து, பேனையை மூடுவார். மூடிய சத்தம் கேட்டால் நாங்கள் எழும்ப வேண்டும். மறுநாள் கலந்துரையாடினால் கீழே 'கலந்துரையாடப்பட்டது' என்று வரும். அதற்குப் பிறகு அந்தக் கடிதத்துக்கு ஒன்றும் நடக்காது. கெட்ட மனிதர் அல்ல. டெங்குக் காலத்தில் தானே வாய்க்காலில் இறங்கி நின்றவர். பெண் உத்தியோகத்தர் ஒருவரையும் சத்தம் போட்டு ஏசியதில்லை. கணக்காய்வுக்காரர் எப்போதோ ஒருதரம் அவரிடம் கேட்ட கேள்விக்கு அவர் இன்னும் பதில் தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அன்று அடிமட்டம் இடுப்புக் கதிரை என்ற சொல்லில் நின்றது. பெட்டியை எடுத்து நாலு பக்கமும் திருப்பினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்தார். படத்தில் சிரித்துக்கொண்டு நின்ற வெள்ளைக்காரத் தாயின் பட்டியில் ஒரு சின்னப் பொக்கற். அதற்குள் பிள்ளைக்குப் பால் கொடுக்கும் சூப்பிப் போத்தல்.

"மிசி, இதிலை போத்தல் இருக்கு."

"பெட்டியிலை இருக்கு, டொக்டர். பட்டியிலை இல்லை."

"போத்தல் படம் போட்ட சாமானை நாங்கள் தாய்மாருக்குக் காட்டேலாது. தெரியும்தானே?"

தெரியும். தாய்ப்பாலைக் காப்பாற்றுவதற்கான விதி. நல்ல விதி. அதை வைத்து நானே எத்தனையோ பால்மாக் கம்பனிக் கலண்டர்களைக் கிளினிக் சுவரில் இருந்து கிழித்திருக்கிறேன். அதை எழுதியவர்கள் ஒரு கதிரைப் பெட்டியை நினைத்து எழுதவில்லை.

அவர் ஒரு வழி சொன்னார். கதிரையைப்பற்றிய வரிகளை எடுத்துவிட்டால் மிச்சத்தை அன்றே அனுப்பலாம். அதை எடுத்துவிட்டால், ஒரு கையால் பிள்ளையை எப்படித் தூக்குகிறாள் என்று அந்தப் பொடியன் கேட்பான், அதற்குப் பதில் இருக்காது என்றேன். பெட்டியை விரலால் தள்ளினார்.

"டொக்டர், இந்தப் பிள்ளைக்கு இப்ப தாய்ப்பால்தான். செட்டிகுளத்துக்குக் கொண்டுபோனால் அங்கை என்னத்திலை பால் குடுப்பினம்?"

அவர் பெட்டியில் இருந்த போத்தலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு 'கலந்துரையாடுக' என்று எழுதிப் பேனையை மூடினார்.

எங்கள் நடைமுறையில் முற்பிரதி என்று ஒன்று உண்டு. மேலதிகாரி ஊடாகப் போக வேண்டிய கடிதம் சுணங்கும் என்று கண்டால், மேலே 'முற்பிரதி' என்று எழுதி ஒரு பிரதியை நேரே அனுப்பலாம். மூலம் முறைப்படி பின்னால் வரும். அநேகமானோர் இடமாற்றம் கேட்கத்தான் அதைப் பாவிப்பார்கள். நான் ஒரு வரியும் வெட்டாமல், போத்தல் படத்தைப்பற்றிய ஒரு குறிப்பையும் சேர்த்து, பிரதேச செயலகத்துக்கு அன்று பின்னேரமே கொண்டுபோய்க் கொடுத்தேன். மறுநாள் அதை அவரிடமும் சொன்னேன். ஒளித்துச் செய்தால் அது முறைகேடு. சொல்லிச் செய்தால் நடைமுறை. அவர் நிறைய நேரம் அடிமட்டத்தைத் துடைத்தார்.

பொடியன் நேரில் பார்க்க வேண்டும் என்றான். அப்படியென்றால் தானும் வருவதாக வைத்திய அதிகாரி சொன்னார். ஜெனிற்றாவின் முற்றத்தில் கதிரைகள் போட்டிருந்தன. றெஜி அன்று கடலுக்குப் போகவில்லை. பிலோமினா அன்சலாவை மடியில் வைத்துக்கொண்டு, பயணம் போகும் பிள்ளையைப்போலத் தலை வாரி விட்டிருந்தார். பையும் கட்டியிருந்தது.

ஜெனிற்றா பட்டியைக் கட்டினாள். பூட்டினாள், இழுத்துப் பார்த்தாள், சுற்றினாள், முழங்கையால் வளையத்தை இழுத்து இறுக்கினாள். அவளுடைய இடது கையைப் பார்த்தபடி வைத்திய அதிகாரி என்னிடம் கேட்டார், அந்தக் கை தாங்குமா என்று. நான் அரிசிப் பையைத் தட்டில் இருத்தி, "இழுத்துப் பாருங்கோ, டொக்டர்," என்றேன்.

அவர் இரண்டு விரலால் இழுத்தார்.

"மரியாதைக்கு இழுக்காதேங்கோ," என்றாள் ஜெனிற்றா. "விழுத்த வந்த ஆள் மாதிரி இழுங்கோ."

அவர் இரண்டு கையாலும் இழுத்தார். பையின் வாய்க் கட்டு அவிழ்ந்து அரிசி அவர் சப்பாத்தில் கொட்டியது. பை அவள் அணைப்பிலேயே இருந்தது. பொடியன் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்து எதையோ எழுதினான்.

பிலோமினா அசையவில்லை. "அரிசி துள்ளாது மிசி. பிள்ளை துள்ளும்."

அவர் சொன்னது சரி. அதை நானும் ஒத்துக்கொண்டேன். பிள்ளையைத் தரச் சொன்னேன். அவர் தரவில்லை. ஜெனிற்றா அவர் முன்னால் போய், முதுகு நிமிர்ந்தபடி முழங்காலை மடித்து, அவரின் கண் மட்டத்துக்கு இறங்கினாள்.

"மாமி, பிள்ளை விழாது எண்டு ஆரும் எழுதித் தரேலாது. நீங்கள் ரெண்டு கையாலை வளத்த மகனைத் தினமும் கடலுக்கு அனுப்புறன். ஒருநாளும் உங்களிட்டை எழுதிக் கேட்டதில்லை. பிள்ளையைத் தாங்கோ."

பிலோமினா மகனைப் பார்த்தார். அந்த வீட்டில் நான் போய்வந்த மாதங்களில் றெஜி தாய்க்கு முன்னால் இந்த விடயத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தான். "குடுங்கோ அம்மா," என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அன்சலா தட்டில் ஏறினாள். தாயைப் பார்த்து இருந்தாள். படலைக்கு நடந்தார்கள். ஜெனிற்றா வலது கையால் கொளுக்கியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, மதிலில் வந்து இருந்த காகத்தைக் கண்டு பிள்ளை பின்பக்கமாக ஒரே எத்து எத்தியது. பிலோமினா கதிரையை விட்டு எழும்பிவிட்டார். இடது முழங்கை மடங்கிப் பிள்ளையின் முதுகை உள்ளே எடுத்தது. படலை திறந்தது. ஜெனிற்றா திரும்பிப் பார்க்காமல் பைப் வரைக்கும் போய், ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து, அதை வைத்திய அதிகாரியிடம் நீட்டினாள். அவர் வாங்கிக் குடித்தார்.

"அடுப்படிக்கு உதோடை போகாதை," என்றார் பிலோமினா கடைசியில். இன்னும் நின்றபடிதான்.

"மிசி முதலே சொல்லிப்போட்டா, மாமி."

"வள்ளத்துக்கும் கொண்டுபோகாதை."

"அதுவும் சொன்னவா."

"நித்திரை வந்தால்?"

"இறக்கிப் பாயிலை கிடத்துவன்."

பிலோமினா கட்டிய பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அதை அவிழ்க்கும் சத்தம் கேட்டது.

வைத்திய அதிகாரி என் கடிதத்தின் மூலத்தை எடுத்து, 'கலந்துரையாடப்பட்டது' என்று எழுதி, கீழே ஒரு வரி சேர்த்தார்: தாய் பிள்ளையைப் பாதுகாப்பாகக் கையாளுகிறார். எதைக்கொண்டு என்று எழுதவில்லை. பொடியனுக்கு அது போதுமாக இருந்தது. பிள்ளை தாயோடு நின்றது, தாய்ப்பாலும் தொடர்ந்தது.

மற்றத் தாய்மாருக்குச் சொல்லிக்கொடுக்கும் விடயத்தை வைத்திய அதிகாரி பெட்டியோடு மேலிடத்துக்கு அனுப்பினார். பதில் வரும்வரை கிளினிக் வளவுக்குள் இடுப்புக் கதிரை காட்டக் கூடாது என்று வாய்மொழியாகச் சொன்னார். எழுத்தில் தரச் சொன்னேன். தரவில்லை. ஆகவே நான் வளவுக்குள் காட்டவில்லை. கிளினிக் வேலிக்கு வெளியே ஒரு வேப்பமரம் நின்றது. அந்த நிலம் எங்கள் பணிமனைக்குச் சொந்தமில்லை, றோட்டுக்குச் சொந்தம். கிளினிக் முடிந்ததும் கதிரை வைத்திருக்கிற தாய்மார் அங்கே வருவார்கள். அரிசிப் பையை நான் கொண்டுபோவேன்.

அந்த மரத்தடியில் நான் சொன்னதைத்தான் இப்போதும் சொல்கிறேன். வயிறு வெட்டிப் பிள்ளை பெற்றவர்கள் காயம் முழுக்க ஆறும்வரை, வைத்தியர் சொல்லும்வரை கட்டவேண்டாம். ஒவ்வொரு முறையும் கட்ட முன்னர் தையலையும் கொளுக்கியையும் பாருங்கள். பிள்ளையை வெளியே பார்க்க இருத்துவதானால் முதுகு நன்றாகப் பலப்பட்ட பிறகு, விழித்திருக்கும்போது, கொஞ்ச நேரம். வெயிலில் பிள்ளையின் பிடரியில் கை வைத்துப் பாருங்கள், வியர்த்தால் இறக்குங்கள். துணியால் முகத்தை மூடாதீர்கள். முதுகு நொந்தால் பட்டி இறங்கிவிட்டது என்று அர்த்தம். உயர்த்திக் கட்டுங்கள், நோ நிற்காவிட்டால் கழற்றுங்கள். கை, கை, கை. பிள்ளையின் முதுகில் இருக்கிற கையால் தொலைபேசி பிடிக்கலாமோ என்று ஒருத்தி கேட்டாள். தொலைபேசி விழுந்தால் வேறு வாங்கலாம் என்றேன்.

வைத்திய அதிகாரி ஜீப்பில் அந்த மரத்தடியால் போவார். ஒரு நாளும் நிற்பாட்டவில்லை. ஒருதரம் வேகத்தைக் குறைத்து, கண்ணாடியை இறக்கி, முன்னால் நின்ற தாயின் பட்டி சரிந்திருக்கிறது என்று எனக்குக் கைகாட்டிவிட்டுப் போனார். சரிந்துதான் இருந்தது.

நான் ஓய்வுபெறும்வரை மேலிடத்திலிருந்து ஒன்றும் வரவில்லை. நினைவூட்டல்கள் அனுப்பினேன். நினைவூட்டல்கள் கிடைத்தன என்பதற்கும் பதில் இல்லை. பிறகு, நான் வீட்டில் இருக்கும்போது, என் பழைய பதவிப் பெயருக்கு வந்த ஒரு கடிதத்தைப் பணிமனை எனக்குத் திருப்பி அனுப்பியது. சுருக்கமான கடிதம். குறித்த பிள்ளை நடக்கும் வயதைக் கடந்துவிட்டமையால் தங்கள் பரிந்துரை தேவையற்றதாகக் கருதப்பட்டு நிராகரிக்கப்படுகிறது. இணைக்கப்பட்ட பெட்டி மேலதிக பரிசீலனைக்காக வைத்துக்கொள்ளப்பட்டுள்ளது.

கடிதத்தின் தலையில் திகதி போடவில்லை. பணிமனை அதைப் பெற்றுக்கொண்ட முத்திரையில் இருந்தது. தைப்பொங்கல் லீவு முடிந்து பள்ளிக்கூடங்கள் தொடங்கிய திங்கட்கிழமை. அன்று காலை அன்சலா முதலாம் வகுப்புக்குப் போனாள்.